ரோமன் டச்சு லோவை மண்டை காயாமப் படிக்கிறது எப்பிடி

லோ படிக்க வந்த முதல் வருசம் ரோமன் டச்சு லோவில, அதாவது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கொண்டுவந்து இலங்கையில இண்டைக்கும் மிச்சமிருக்கிற சட்டத்தில, நான் ஃபெயில். படிக்காம இல்லை, விடிய விடியப் படிச்சனான், படிச்ச விதம்தான் பிழை. ரோமின்ர கி.மு. 450 பன்னிரண்டு பலகைச் சட்டத்தில தொடங்கி வருசம் வருசமாப் பாடமாக்கிக்கொண்டு வந்து, ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் 534 எண்டு மூச்சு விடேக்க பரீட்சை வந்திட்டுது. ஒல்லாந்துக்கே நான் போய்ச் சேரேல்லை, பிறகு எங்க இலங்கைக்கு வாறது. அடுத்த வருசம் தலைகீழாப் படிச்சன், அதாவது இண்டைக்கு ஒரு வீட்டில நடக்கிற சண்டையில தொடங்கிப் பின்னுக்குப் போய்ப் பாத்தன், அப்பதான் இது எவ்வளவு சுவாரசியமான சாமான் எண்டு விளங்கிச்சு. அந்த வழியைத்தான் இதில எழுதுறன், இலங்கையில லோ படிக்கிற ஆக்களை மனசில வச்சு.

முதல் வேலை, பெயரை ரெண்டாப் பிரியுங்கோ. ரோமன் டச்சு லோ எண்டு ரோமில ஒருத்தரும் சொன்னதில்லை, அந்தப் பெயரை வச்சவர் சைமன் வான் லீயுவன் எண்ட ஒல்லாந்து வக்கீல், 1652ல ஒரு புத்தகத்தின்ர உபதலைப்பில பாவிச்சு, 1664ல அதையே பெரிய புத்தகம் ஒண்டுக்குத் தலைப்பாவும் போட்டார். அவர் சொல்ல வந்தது லேசு: ஹாலண்ட் மாகாணத்துக் கோட்ஸில நடைமுறையில இருக்கிற சட்டம் ரோமன் சட்டமும் இல்லை, ஊர் வழமையும் இல்லை, ரெண்டையும் போட்டுப் பிசைஞ்சு எடுத்த மா. எது ரோமில இருந்து வந்தது, எது ஒல்லாந்துக்காரன்ர சொந்த வழமை, எங்க ரெண்டும் முட்டிச்சு, முட்டினதில எது வெண்டது, இந்தக் கேள்வியை ஒவ்வொரு விதிக்கும் கேட்டுக்கொண்டு வாங்கோ. அதோட இலங்கையில மூண்டாவது படை ஒண்டு இருக்கு, வெள்ளைக்காரன் போட்ட ஓடினன்சும் (கட்டளைச் சட்டம்) பிறகு எங்கட பாராளுமன்றம் போட்ட சட்டமும். இந்த மூண்டு படையையும் தனித்தனியாப் பாக்கப் பழகினா பாதிப் பாடம் முடிஞ்சுது எண்டு வையுங்கோ.

உதாரணம் ஒண்டு பாப்பம். நீங்கள் ஒரு வீட்டில 3 வருசக் குத்தகைக்கு இருக்கிறியள். ஒரு வருசம் போக வீட்டுக்காரர் வீட்டை வேற ஒராளுக்கு வித்திட்டார், புதுசா வாங்கினவர் வந்து "எனக்கும் உமக்கும் ஒரு ஒப்பந்தமும் இல்லை, வெளிக்கிடும்" எண்டுறார். ரோமன் வக்கீலிட்டப் போனா அவர் வாங்கினவர் பக்கம்தான் நிப்பார். ஏனெண்டா ரோமில குத்தகை எண்டது ரெண்டு பேருக்கு நடுவில இருக்கிற வெறும் ஒப்பந்தம், அது காணியில ஒட்டாது, வாங்கினவர் உங்களை வெளியால போடலாம், நீங்கள் வேணுமெண்டா பழைய வீட்டுக்காரரிட்ட நட்டஈடு கேக்கலாம், அவ்வளவுதான். ஆனா ஒல்லாந்துப் பட்டினங்களில வழமை நேர் எதிர், "ஹூர் காட் ஃபோர் கோப்" எண்டு அவையின்ர பாசையில ஒரு சொல்லு, குத்தகை விற்பனைக்கு முன்னால போகும் எண்டு அர்த்தம். இந்த இடத்தில ரோமைத் தள்ளிப்போட்டு ஒல்லாந்து வெண்டுது, அதால வாங்கினவர் குத்தகையோட சேத்துத்தான் வாங்கினவர். இப்ப மூண்டாவது படையைப் போடுங்கோ: 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்பு ஓடினன்ஸ், ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டா நொத்தாரிசு முன்னால எழுதின உறுதி வேணும் எண்டுது. அதுக்கு மேல 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வேற. ஒரு வீட்டுச் சண்டைக்குள்ள ஜஸ்டினியனும் இருக்கிறார், ஆம்ஸ்டர்டாம் வியாபாரியும் இருக்கிறார், வெள்ளைக்காரக் கவர்னரும் இருக்கிறார். இப்பிடி ஒண்டை வடிவாப் பிரிச்சுப் பாத்தீங்கள் எண்டா வரலாறு தானா மண்டையில ஏறும்.

நொத்தாரிசு எண்ட சொல்லே ஒல்லாந்துச் சொல்லுத்தான், கந்தோரும் அப்பிடித்தான். நாங்கள் வாயில வச்சிருக்கிறது கனக்க, கவனிக்கிறதுதான் இல்லை.

சரி, ரோமில எழுதினது ஒல்லாந்துக்கு எப்பிடிப் போச்சுது? இதை நீட்டாதேங்கோ, நாலு கட்டம் காணும். ஜஸ்டினியன் சக்கரவர்த்தி கொன்ஸ்டான்டினோபிளில 529க்கும் 534க்கும் இடையில பழைய சட்டமெல்லாத்தையும் தொகுப்பிச்சார், அதில முக்கியமானது டைஜஸ்ட், 50 புத்தகம், பழைய சட்ட அறிஞர்களின்ர எழுத்தை வெட்டி ஒட்டினது, வேலையைப் பாத்தவர் டிரிபோனியன். பிறகு மேற்கு ஐரோப்பாவில அது ஐஞ்சாறு நூற்றாண்டு தூசி பிடிச்சுக் கிடந்திட்டு, 1100ஐ ஒட்டி இத்தாலியில பொலோஞா எண்ட ஊரில இர்னேரியஸ் எண்டவர் அதைப் பாடமாப் படிப்பிக்கத் தொடங்க, ஐரோப்பா முழுக்க இருந்து பொடியள் அங்க போய்ப் படிச்சிட்டு ஊருக்குத் திரும்பி நீதிபதியாவும் அரசாங்க உத்தியோகத்தராவும் இருந்தினம். படிச்சதைத்தானே பாவிப்பினம், ஊர் வழமை எழுத்தில இல்லாத இடமெல்லாம் ரோமன் சட்டம் மெல்ல மெல்ல உள்ளுக்க வந்திட்டுது. ஒருத்தரும் ஒருநாளும் "இண்டையில இருந்து இதுதான் சட்டம்" எண்டு சட்டம் போடேல்லை, அதுதான் இதில வடிவான விசயம். கடைசிக் கட்டம், ஸ்பெயின் அரசனுக்கு எதிராக் கிளம்பின டச்சு மாகாணங்கள் 1575ல லைடனில பல்கலைக்கழகம் தொடங்கி, 1579ல உட்ரெக்டில ஒண்டு சேந்து, 1582ல ஹாலண்டுக்கெண்டு ஒரு மேல் கோட்ஸும் வச்சினம். கோட்ஸும் இருக்கு, படிப்பிக்கிற இடமும் இருக்கு, கப்பல் வியாபாரத்தால காசும் இருக்கு, எழுத ஆக்கள் வராம இருப்பினமே?

ஆக்கள் எண்டா குரோஷியஸ்ல தொடங்குங்கோ, வேற ஒருத்தரிலயும் தொடங்காதேங்கோ. 1583ல டெல்ஃப்ட் எண்ட ஊரில பிறந்தவர், 11 வயசில லைடனுக்குப் படிக்கப் போனவர், அவ்வளவு விண்ணன். 21 வயசில டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஒரு வேலை எடுத்தார்: 1603ல சிங்கப்பூர்ப் பக்கம் கம்பனிக் கப்பல்காரர் போர்த்துக்கேயரின்ர சாந்தா கத்தரீனா எண்ட கப்பலைச் சாமானோட பிடிச்சிட்டினம், அது சரியான செயல்தான் எண்டு எழுதிக் குடுக்கோணும். எழுதினார், அதில ஒரு அத்தியாயம்தான் 1609ல "மாரே லிபெரும்", சுதந்திரக் கடல் எண்டு வெளிவந்தது. கடல் ஒருத்தருக்கும் சொந்தம் இல்லை எண்ட அந்தப் பெரிய தத்துவம் ஒரு கம்பனி லோயர் தன்ர கட்சிக்காரருக்காக எழுதினதில பிறந்தது எண்டதை மறக்காதேங்கோ, அதே கம்பனிதான் பிறகு எங்கட கறுவாவுக்கு முழு ஏகபோகம் கேட்டது. தத்துவத்தை வாசிக்கேக்க ஆர் காசு குடுத்தது எண்டும் பாக்கோணும், இது என்ர அபிப்பிராயம்.

1619ல அரசியல் சண்டையில அவருக்கு ஆயுள் மறியல், லூவஸ்டைன் கோட்டையில போட்டிட்டினம். அங்க இருந்துதான் தன்ர பிள்ளையளும் படிக்கட்டும் எண்டு ஹாலண்ட் சட்டத்துக்கு ஒரு அறிமுகம் எழுதினார், ஆள் லத்தீனில புலி, ஆனா இதை டச்சில எழுதினார், லத்தீன் சொல்லுகளுக்கு டச்சில சொல்லுத் தேடித் தேடிப் போட்டார். தமிழில சட்டம் எழுத வெளிக்கிட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் மண்டையை உடைச்ச ஆக்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். 1621 மார்ச் 22, அவருக்குப் புத்தகம் கொண்டுவாற பெட்டிக்குள்ள மனிசி மரியா அவரைப் படுக்கவச்சுப் பூட்டி, காவல்காரரைக் கொண்டே தூக்கி வெளியால அனுப்பினா. அந்தப் பெட்டி இதுதான் எண்டு அங்க இப்ப ஒண்டுக்கு மேற்பட்ட இடத்தில காட்டினம். மறியலில எழுதின புத்தகம் 1631ல அச்சில வந்தது, மூண்டு பாகம்: ஆக்கள், சொத்து, கடப்பாடு. இண்டைக்கும் எங்கட பாடத்திட்டம் ஏறத்தாழ இந்த மூண்டு அறைக்குள்ளதான் இருக்கு, இந்தப் பிரிப்பும் அவர்ட சொந்தச் சரக்கு இல்லை, 2ஆம் நூற்றாண்டில காயுஸ் எண்ட ரோமன் வாத்தியார் ஆக்கள், பொருள்கள், வழக்குகள் எண்டு பிரிச்சதை ஒட்டிப் போட்டதுதான்.

இனித் தத்துவம். கனபேர் இதைப் பரீட்சைக்கு வராது எண்டு தாண்டிப் போவினம், பிறகு ஏன் இந்த விதி இப்பிடி எண்டு கேட்டா முழிப்பினம். ரெண்டு வேரைப் பிடிச்சாக் காணும். ஒண்டு உல்பியன் எண்ட ரோமன் அறிஞர் சொன்ன மூண்டு கட்டளை: நேர்மையா வாழு, மற்றவனுக்குத் தீங்கு செய்யாத, அவனவனுக்குரியதை அவனவனுக்குக் குடு. பாக்க ஆத்திசூடி மாதிரி இருக்கும், ஆனா ரெண்டாவதில இருந்து நட்டஈட்டுச் சட்டம் முழுக்க வருது, மூண்டாவதில இருந்து சொத்துச் சட்டம் வருது. இந்த அறிஞர்களுக்குப் பின்னால பழைய கிரேக்க ஸ்டோயிக் தத்துவக்காரரும் ரோமன் பேச்சாளர் சிசரோவும் நிக்கினம், அரசன் போடுற சட்டத்துக்கு மேல மனுசப் புத்திக்கு விளங்கிற ஒரு இயற்கைச் சட்டம் இருக்கு எண்ட எண்ணம் அங்க இருந்து வந்தது.

மற்ற வேர் குரோஷியஸ் 1625ல பாரிஸில இருந்து எழுதின போரும் சமாதானமும் பற்றின புத்தகம். அதின்ர முன்னுரையில ஒரு துணிஞ்ச வசனம் இருக்கு, கடவுள் இல்லை எண்டு ஒரு பேச்சுக்கு வச்சுக்கொண்டாலும் நான் சொன்னது ஓரளவுக்காவது செல்லும் எண்ட கருத்து. அவர் நாத்திகர் இல்லை, அப்பிடிச் சொல்லுறதே பெரும் பாவம் எண்டும் சேத்துத்தான் எழுதினவர். ஆனா கத்தோலிக்கனும் புரட்டஸ்தாந்துக்காரனும் ஆளையாள் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில, ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளுற ஒரு அடித்தளம் வேணும், அதை அவர் மனுசனின்ர இயல்பில தேடினார்: மனுசன் கூடி வாழ ஆசைப்படுற பிராணி, கூடி வாழோணும் எண்டா மற்றவன்ர பொருளில கை வைக்கேலாது, எடுத்தாத் திருப்பிக் குடுக்கோணும், குடுத்த வாக்கைக் காப்பாத்தோணும், பிழை விட்டா ஈடு செய்யோணும். இந்த நாலையும் ஒரு துண்டில எழுதி மேசைக்கு முன்னால ஒட்டுங்கோ. சொத்து, முறையற்ற ஆதாயம், ஒப்பந்தம், நட்டஈடு, நாலு பாடமும் அதுக்குள்ள கிடக்கு.

இதில வாக்கு விசயத்தை மட்டும் கொஞ்சம் கிட்டப் பாப்பம், ஏனெண்டா இங்கதான் இங்கிலீஷ் சட்டத்தோட உண்மையான பிரிவு. ஒரு அண்ணன் யோசிச்சு, முழு மனசோட, "தங்கச்சி, நீ படி, உன்ர செலவு என்ர பொறுப்பு" எண்டு எழுதிக் குடுக்கிறார். பிறகு மாட்டன் எண்டுறார். இங்கிலீஷ் லோயர் முதல்ல கேக்கிறது "தங்கச்சி பதிலுக்கு என்ன குடுத்தா?" எண்டு, ஒண்டும் இல்லையெண்டா ஒப்பந்தமே இல்லை, அவையின்ர கொன்சிடரேஷன் கதை அது. ரோமன் லோயரும் உதவமாட்டார், வெறும் வாக்கில வழக்குப் பிறக்காது எண்டதுதான் ரோமன் விதி, குறிச்ச வடிவத்தில செய்தாத்தான் செல்லும். இதை மாத்தினது மத்தியகாலத் திருச்சபைச் சட்டம், வாக்குத் தவறுறது பாவம், அதால வெறும் வாக்கும் கட்டும் எண்டு அவை சொல்ல, ஒல்லாந்துக்காரர் அதை எடுத்துக்கொண்டினம். அவை கேக்கிறது "மனப்பூர்வமாச் சொன்னவரோ, நியாயமான காரணம் இருந்ததோ" எண்டு மட்டும்தான், இந்தக் காரணத்துக்குத்தான் கௌசா எண்டு பெயர். 1918ல ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய எண்ட இலங்கை வழக்கில லண்டனில இருந்த கடைசி மேன்முறையீட்டுக் கோட்ஸான பிரிவிக் கவுன்சிலே தார்மீகக் கடமையும் போதுமான கௌசாதான் எண்டு சொல்லிச்சு, அடுத்த வருசம் இதே சட்டம் இருக்கிற தென்னாபிரிக்காவின்ர மேன்முறையீட்டுக் கோட்ஸும் கொன்றாடி எதிர் றொஸ்ஸோ வழக்கில கொன்சிடரேஷன் எங்கட சட்டத்தில இல்லை எண்டு முடிச்சு வச்சுது. ஒரு தங்கச்சியின்ர படிப்புச் செலவுக்குள்ள ரோம், திருச்சபை, ஒல்லாந்து மூண்டும் வந்திட்டுது பாருங்கோ.

நட்டஈட்டுக்கு வாங்கோ. இங்க எல்லாரும் பாடமாக்கிறது லெக்ஸ் அக்குவீலியா, கி.மு. 287 அளவில வந்த சட்டம், மற்றவன்ர சொத்தைப் பிழையா அழிச்சா ஈடு குடு எண்டது. அதைப் பாடமாக்காம டைஜஸ்டில இருக்கிற சவரக்காரர் கதையை வாசியுங்கோ. கொஞ்சப் பேர் பந்து விளையாடினம், ஒருத்தன் ஓங்கி அடிக்கப் பந்து போய்ச் சவரக்காரர்ட கையில பட, கத்தி வழுக்கிச் சவரம் செய்துகொண்டிருந்த அடிமையின்ர கழுத்து வெட்டுப்பட்டுப் போச்சுது. ஆரின்ர பிழை? ப்ரோகுலஸ் எண்டவர் சவரக்காரர்ட பிழை எண்டுறார். உல்பியன் அதைத் தொட்டுக்கொண்டு யோசிக்கிறார்: வழமையா விளையாடுற இடத்தில, சனம் கனக்கப் போய்வாற இடத்தில கதிரை போட்டவர் எண்டா அவரில கொஞ்சம் பிழை சொல்லத்தான் வேணும், ஆனா அப்பிடி ஆபத்தான இடத்தில கதிரை போட்டிருக்கிற ஆளிட்டப் போய்க் கழுத்தைக் குடுத்தவன் தன்னைத்தானே நொந்துகொள்ளோணும் எண்டதும் பிழையான கதை இல்லை. கவனக்குறைவு, முன்கூட்டி ஊகிக்கக் கூடியது, தானாகவே ஆபத்தை ஏத்துக்கொண்டது, இண்டைக்கு ஒரு பஸ் விபத்து வழக்கில லோயர்மார் வாதாடுற மூண்டும் இந்தச் சின்னக் கதைக்குள்ள இருக்கு. முடிவு ஒண்டும் குடுக்காம, இப்பிடி எண்டா இப்பிடி, அப்பிடி எண்டா அப்பிடி எண்டு திருப்பித் திருப்பிப் பாக்கிறதுதான் ரோமன் முறை, பரீட்சை விடையையும் அப்பிடித்தான் எழுதோணும்.

அதே கதையில இன்னொண்டையும் பாருங்கோ, அது வடிவா வயித்தைக் குமட்டும். கழுத்து வெட்டுப்பட்டது ஒரு மனுசன், ஆனா வழக்கு வைக்கிறவர் அவரை அடிமையா வச்சிருந்த எசமான், கேக்கிறது சொத்துக்கு நட்டம். இதே டைஜஸ்டின்ர முதல் புத்தகத்தில அடிமைத்தனம் இயற்கைக்கு விரோதம் எண்டு புளோரென்டினஸ் எண்ட ரோமன் அறிஞர் எழுதி இருக்கிறார். இயற்கைக்கு விரோதம் எண்டு எழுதினபடியே அதை வச்சிருந்தினம், கம்பனியும் கேப்பில (தென்னாபிரிக்கா), பட்டாவியாவில (இண்டைய ஜகார்த்தா), இலங்கையில எல்லாம் அடிமையளை வச்சிருந்தது, இலங்கையில அது சட்டப்படி ஒழிஞ்சது 1844ல. இயற்கைச் சட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னா வெறும் புகழ்மாலை எழுதாம இதையும் எழுதுங்கோ.

விலையில நியாயம் எண்டொரு சாமானும் இருக்கு, லேஸியோ எனோர்மிஸ். 10 லட்சம் பெறுமதியான காணியை அவசரத்துக்கு 4 லட்சத்துக்கு வித்திட்டியள் எண்டு வையுங்கோ, பாதி 5 லட்சம், அதிலயும் குறைவு, அப்ப நீங்கள் விற்பனையை உடைக்கச் சொல்லிக் கோட்ஸுக்குப் போகலாம், வாங்கினவருக்கு ரெண்டு தெரிவு, காணியைத் திருப்பித் தரலாம் இல்லாட்டி மிச்சக் காசைக் கட்டலாம். உண்மை விலை தெரிஞ்சுகொண்டே குறைச்சு வித்தவருக்கு இந்த வழி இல்லை. இதின்ர விதை டியோக்ளீஷன் சக்கரவர்த்தி பெயரில இருக்கிற ஒரு கட்டளை, அதை வளத்தது மத்தியகால நியாயவிலைத் தத்துவம். தென்னாபிரிக்கா 1952ல இதைத் தூக்கி எறிஞ்சிட்டுது, எங்களிட்ட இன்னும் இருக்கு. தென்னாபிரிக்கத் தீர்ப்பை அப்பிடியே கொப்பி பண்ணி எழுதுறவை விழுறது இப்பிடியான இடத்திலதான். 1996 அரசியலமைப்புக்குப் பிறகு அங்கத்தைய கோட்ஸ் பொதுச் சட்டத்தை உரிமைச் சாசனத்தின்ர வழியில வளக்கோணும் எண்டு இருக்கு, அதால கிட்டத்தில வந்த தீர்ப்பெண்டா இன்னும் கவனம்.

இனி இது எங்களிட்ட எப்பிடித் தங்கிச்சு எண்டு. கம்பனி 1640ல காலி, 1656ல கொழும்பு, 1658ல யாழ்ப்பாணம் எண்டு போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சுக்கொண்டு வர, சட்டமும் கப்பலில வந்தது, பட்டாவியாவில 1642ல தொகுத்த கம்பனிச் சட்டக்கோவையும் சேந்து வந்தது. 1796ல வெள்ளைக்காரன் பிடிச்சான். பிடிச்ச நாட்டில இருக்கிற சட்டத்தை மாத்தும் மட்டும் அதே சட்டம்தான் எண்டது அவன்ர வழக்கம், அதால 1799 செப்ரெம்பர் 23 பிரகடனத்தில ஐக்கிய மாகாணங்களின்ர பழைய ஆட்சியில இருந்த சட்டப்படிதான் நீதி நடக்கும் எண்டு போட்டான். இப்ப பகிடியைப் பாருங்கோ: 10 வருசம் கழிச்சு 1809ல ஒல்லாந்தே நெப்போலியன்ர தம்பி லூயியின்ர காலத்தில புதுச் சட்டக்கோவையைக் கொண்டுவந்து தன்ர பழைய சட்டத்தைக் கைவிட்டிட்டுது. தாய்வீட்டில செத்துப்போனது தென்னாபிரிக்காவிலயும் இலங்கையிலயும் சீவிக்குது. பிரிட்டிஷ் கயானாவில கூட இருந்தது, 1917ல அங்க எடுத்திட்டினம்.

எங்களிட்ட எவ்வளவு மிச்சம் எண்டது பரீட்சைக்கும் தொழிலுக்கும் முக்கியம், இதைப் பிழை விட்டா முழு விடையும் பிழை. குற்றவியல் 1883 தண்டனைக் கோவையோட போச்சுது, சாட்சியம் 1895ல, சாமான் விற்பனை 1896ல, உண்டியல் (காசு குடு எண்டு எழுதிக் குடுக்கிற வியாபாரப் பத்திரம்), கப்பல் விசயமெல்லாம் 1852ல இருந்தே இங்கிலீஷ் சட்டம். பிள்ளைக்குக் கட்டாயம் பங்கு விடோணும் எண்ட விதியை 1844 இறுதிவிருப்பு ஓடினன்ஸ் எடுத்திட்டுது, புருசன் பெண்சாதி பொதுச் சொத்து முறை 1876 ஓடினன்ஸோட முடிஞ்சுது, பரம்பரைக்கும் காணியைக் கட்டிவைக்கிற ஃபிதேகொமிசும் 1972ல ஒழிஞ்சுது. மிஞ்சினது ஒப்பந்தத்தின்ர பொது விதிகள், நட்டஈடு, மானநட்டம், காணியின்ர உரித்தும் விற்பனையும், நன்கொடை, பாதை உரிமை மாதிரியானதுகள். குறைவாத் தெரிஞ்சாலும் கோட்ஸில நாளாந்தம் ஓடுறது இதுகள்தானே.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இன்னொரு படை, தேசவழமை. அதை எழுத்தில போட்டதே ஒல்லாந்தர்தான், கவர்னர் சைமன்ஸ் சொல்லி, இங்க கனகாலம் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட உத்தியோகத்தர் எழுதி 1707ல குடுக்க, தமிழுக்கு மாத்தி 12 முதலிமாரிட்டக் காட்டிச் சரி எண்டு ஒப்பம் வாங்கினவை. வெள்ளைக்காரன் 1806ல அதை அங்கீகரிச்சான். தேசவழமை வாய் திறக்காத இடத்தில ரோமன் டச்சு லோ வந்து நிக்கும், இந்த ஒழுங்கை மாத்தி எழுதிடாதேங்கோ.

அரசாங்கத்துக்கு எதிராவும் இது வேலை செய்யுமோ எண்டு கேட்டா, கோடீஸ்வரன் வழக்கைப் படியுங்கோ. சிங்களச் சோதினை பாஸ் பண்ணேல்லை எண்டு சம்பள உயர்வு நிப்பாட்டின தமிழ் லிகிதர் கோட்ஸுக்குப் போனார். மாவட்டக் கோட்ஸில வெண்டார், உயர் கோட்ஸ் 1967ல அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்கு வைக்கவே ஏலாது எண்டு சொல்லிட்டுது, 1969ல பிரிவிக் கவுன்சில் அதைத் தள்ளி, இலங்கையின்ர பொதுச் சட்டம் ரோமன் டச்சு லோவில இருந்து வளந்தது, அதின்படி ஊழியர் சம்பளத்துக்கு வழக்கு வைக்கலாம் எண்டுது. மொழிச்சட்டம் செல்லுமோ எண்ட பெரிய கேள்வியை அவை தொடேல்லை, திருப்பி அனுப்பிட்டினம். ஆனா சட்டத்தின்ர வேர் எது எண்டு தேடிப் போனதாலதான் அந்த மனுசனுக்குக் கோட்ஸ் கதவு திறந்தது எண்டதைக் கவனியுங்கோ.

கடைசியா நடைமுறை விசயம் ஒண்டு, இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. தீர்ப்பில "வூட் 9.2" எண்டு வந்தாப் பயப்படாதேங்கோ. ஜொஹானஸ் வூட் லைடன் பேராசிரியர், 1698ல இருந்து 1704க்குள்ள வந்த அவர்ட விளக்கவுரை டைஜஸ்டின்ர ஒழுங்கிலயே போகுது, அதே 50 புத்தகம், அதே தலைப்பு. அதால இலக்கம் ஒண்டுதான்: 9.2 எண்டா அக்குவீலியா, 6.1 எண்டா சொத்தை மீட்கிற வழக்கு, 18.1 விற்பனை, 19.2 குத்தகை, 39.5 நன்கொடை, 47.10 மானநட்டம். டைஜஸ்டைத் திறந்து ரோம் என்ன சொன்னது எண்டு பாத்திட்டு, அதே இலக்கத்தில வூட்டைத் திறந்தா ஒல்லாந்து அதில எதை வச்சுக்கொண்டது, எதை விட்டது எண்டு பக்கத்தில பக்கத்தில தெரியும். ரோமன் விதியில எது வழக்கொழிஞ்சது எண்டு மட்டும் பாக்க 1649ல குரூனவேகன் எண்டவர் தனிப் புத்தகமே போட்டிருக்கிறார். வூட்டுக்கு பெர்சிவல் கேன் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு லைப்ரரியளில இருக்கும், லத்தீன் தெரியோணும் எண்டில்லை, ஒரு 30 சொல்லு தெரிஞ்சாக் காணும்.

எல்லாத்தையும் வாசிச்சாப் பிறகு நீங்களே ஒண்டு செய்து பாருங்கோ. ஒரு அம்மா தன்ர வீட்டை மகனுக்கு மீளப்பெறேலாத நன்கொடை உறுதியா எழுதிக் குடுத்திட்டா, மகன் இப்ப அவவுக்குக் கை ஓங்குறான். மீளப்பெறேலாது எண்டு உறுதியில எழுதின பிறகும் அவ திருப்பிக் கேக்கலாமோ? ஜஸ்டினியன்ர கோவையில நன்றி கெட்டவனிட்ட இருந்து நன்கொடையைத் திருப்பி எடுக்கலாம் எண்டு 530ல போட்ட கட்டளையில தொடங்குங்கோ, பிறகு வூட் 39.5, அதுக்குப் பிறகு எங்கட பாராளுமன்றம் 2017ல இதுக்கெண்டே போட்ட 5ஆம் இலக்கச் சட்டம். மூண்டையும் ஒரு தாளில பக்கத்தில பக்கத்தில எழுதி, நன்றி எண்ட மனசு விசயம் எந்த இடத்தில சட்ட விசயமா மாறுது எண்டு கோடு போட்டுப் பாருங்கோ.